மேற்கோள் எண்ணியும் நாற்பத்திரண்டாம் பக்கமும்

புத்தகங்களை அண்டிப் பிழைக்கும் உயிர்களில் கரையானை எல்லோருக்கும் தெரியும். அட்டையில் தொடங்கினால் பக்கம் பக்கமாகப் போய்க் கடைசி வரி வரைக்கும் தின்று தீர்க்கிற நேர்மை அதற்கு உண்டு. அதே அலமாரியை அண்டி, ஒரு பக்கத்தைக்கூடத் தொடாமல், கரையானைவிடக் கொழுத்து வளரும் இன்னொரு பிறவி இருக்கிறது. அதற்கு மேற்கோள் எண்ணி என்று பெயர்.

நீங்களும் பார்த்திருப்பீர்கள். புதுப் புத்தகம் கைக்கு வந்ததும் நேராகப் பின்பக்கம் போய்த் துணைநூற்பட்டியலைப் பிரித்து, மேலிருந்து கீழே விரலை ஓட்டி, தன் பெயர் இருக்கும் இடத்தில் மட்டும் விரலுக்குச் சற்று ஓய்வு கொடுத்து, பெயர் இருந்தால் ‘ஆழமான நூல்’ என்று மூடி வைப்பவர், இல்லாவிட்டால் ‘மேலோட்டமான நூல்’ என்று மூடி வைப்பவர் எவரோ, அவர்தான். எப்படியும் மூடித்தான் வைப்பார். ஒரு நூல் நல்லதா என்று அவரிடம் கேட்டுவிடாதீர்கள். எத்தனை பேர் அதைச் சொல்லியிருக்கிறார்கள் என்று திருப்பிக் கேட்பார். வெளியே மழை பெய்கிறது என்று சொன்னால் ஜன்னலைப் பார்க்க மாட்டார். வேறு யார் சொன்னது என்பார்.

இந்த இனத்தில் எனக்கு நெருக்கமாகத் தெரிந்தவர் ஒருவர் உண்டு. மொழித்துறையில் பேராசிரியர். நானும் அதே துறைதான். என் அறை அவர் அறைக்கு நேர் எதிர். துறையில் அவருக்குக் ‘கூட்டல்’ என்று பெயர். அதை வைத்தது மாணவர்களா, சக ஆசிரியர்களா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பொருத்தமான பெயர் என்பதில் இல்லை.

கூட்டல் தன் வாழ்நாளை ஒரே ஒரு பழம்பெரும் ஆசிரியருக்கு எழுதிவைத்தவர். பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், மனிதன் ஒரு விஷயத்தை எப்படி அறிகிறான் என்று ஒரே ஒரு உரைநடை நூலை எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தவர் அந்த ஆசிரியர். அவர் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எண்ணிக்கையில் ஒன்று கூடிவிடும். அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். பெரியவர் என்றே வைத்துக்கொள்வோம். கூட்டலும் அவரை அப்படித்தான் சொல்வார், ஏதோ தாய்மாமனைச் சொல்வது போல.

வாழ்நாளை எழுதிவைத்தார் என்றதும் அவர் பெரியவரின் நூலைக் கரைத்துக் குடித்தவர் என்று நினைத்துக்கொண்டால் அது உங்கள் அவசரம். அவர் செய்தது வேறு. பெரியவரை இதுவரை யார் யார், எந்தெந்த ஆய்வேட்டில், எந்தெந்த ஆய்விதழில், எத்தனையாவது அடிக்குறிப்பில் குறிப்பிட்டிருக்கிறார்கள் என்று எண்ணுவது. அறையின் சுவர் முழுக்க வரைபடங்கள். சிவப்புக் கோடு பெரியவர், ஏறிக்கொண்டே போகும். நீலக் கோடு வேறொரு பல்கலைக்கழகத்தில் வேறொரு எண்ணி வளர்த்துவரும் வேறொரு பழைய ஆசிரியர். அதுவும் ஏறும், ஆனால் இவர் வரையும்போது கொஞ்சம் தயங்கித்தான் ஏறும். பாராட்டிச் சொன்னாலும் ஒன்று, திட்டிச் சொன்னாலும் ஒன்று, தப்பாகச் சொன்னாலும் ஒன்று. ‘மேற்கோளில் நல்லது கெட்டது பார்க்கக் கூடாது’ என்பது அவர் கொள்கை. எவ்வளவு பரந்த மனசு பாருங்கள். சுங்கச்சாவடிக்காரருக்கும் அதே மனசுதான்; வண்டிக்குள் இருப்பது கல்யாணப் பெண்ணா பிணமா என்று அவரும் பார்ப்பதில்லை.

பெரியவரின் நூல் அந்த அறையில் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. நல்ல நூற்கட்டு, கெட்டி அட்டை, சரியான தடிமன். அதன் மேல்தான் கணினித் திரை நின்றுகொண்டிருந்தது. கண்ணுக்கு நேராகத் திரை இருந்தால் கழுத்து வலிக்காது என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இப்படி எண்ணிக்கொண்டிருந்தவருக்கு ஒரு நல்ல காலம் பிறந்தது. பழைய ஆசிரியர் ஒருவர் பெயரில் நிரந்தர ஆய்விருக்கை ஒன்று அமைப்பதென்று மேலிடம் முடிவு செய்தது. எந்த ஆசிரியருக்குச் செல்வாக்கு அதிகமோ அவர் பெயரில். செல்வாக்கை எப்படி அளப்பது? மேற்கோள்களை வைத்துத்தான். யார் அளப்பது? அதற்குத்தான் ஊருக்கு ஒரு எண்ணி இருக்கிறாரே. சிவப்புக் கோடு ஜெயித்தால் இருக்கை பெரியவருக்கு, அதில் உட்காரும் உரிமை கூட்டலுக்கு. ஓய்வு வயதுக்குப் பிறகும் எழுந்திருக்க வேண்டியதில்லை. கூட்டல் உற்சாகமாகிவிட்டார். நடைபாதையில் பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனதை நானே கேட்டேன்.

அந்தச் சமயத்தில் அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருந்தவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியை. நாற்பதைத் தாண்டியவர். கீழ் வகுப்புகளுக்கு மொழிப்பாடம் எடுப்பவர். பள்ளியில் நீண்ட விடுப்பு வாங்கிக்கொண்டு வந்திருந்தார். விடுப்பு முடிவதற்குள் பட்டம் வந்தால் மேல் வகுப்புக்கு மாற்றம் கிடைக்கும், வராவிட்டால் இனி எப்போதும் வராது. துறையில் எல்லோரும் அவரை டீச்சர் என்றே கூப்பிடுவோம். வீட்டில் கணவரும் அப்படித்தான் கூப்பிடுவாராம்.

டீச்சருக்குக் கூட்டல் கொடுத்த வேலை எளிமையானது. பெரியவரின் நூலிலேயே அதிகம் எடுத்தாளப்பட்ட வரி ஒன்று உண்டு. ‘பலர் உடன்பட்டதே மெய்.’ மூன்றே சொல். மேடையில் பேசுகிறவர்களுக்கும் முன்னுரை எழுதுகிறவர்களுக்கும் அது வாய்க்கு வாகான வரி. ‘பெரியவர் அன்றே சொன்னார்’ என்று ஆரம்பித்து இதைச் சொல்லிவிட்டால், பிறகு தான் சொல்ல வந்த எதையும் சொல்லலாம். பெரியவர் மேற்கோள்களில் பாதிக்கு மேல் இந்த ஒரு வரிதான். இதை யார் யார் சொன்னார்கள் என்று முழுதாகத் திரட்டி ஒரு அத்தியாயம் எழுதச் சொன்னார்.

டீச்சர் திரட்டினார். திரட்டும்போது ஒன்றைக் கவனித்தார். எல்லோருமே நாற்பத்தோராம் பக்கம் என்று குறிப்பிட்டிருந்தார்கள். ஆளுக்கொரு பதிப்பைத் துணைநூற்பட்டியலில் போட்டிருந்தார்கள். பக்கம் மட்டும் மாறவேயில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதினால் எழுத்துப்பிழைகூட மாறாது என்பதை வீட்டுப்பாடம் திருத்துகிறவருக்கு யாராவது சொல்லித்தர வேண்டுமா? நூலகத்துக்குப் போய் மூலத்தை எடுத்து நாற்பத்தோராம் பக்கத்தைப் பிரித்தார். வரி இருந்தது. பக்கத்தின் அடியில், கடைசி வரியாக. சாதாரண மனுஷியாக இருந்திருந்தால் திருப்தியோடு மூடியிருப்பார். டீச்சர் பக்கத்தைத் திருப்பிவிட்டார்.

நாற்பத்திரண்டாம் பக்கம் இப்படித் தொடங்கியது: ‘என்பார் உளர். அவர்க்குச் செவி உண்டு, கண் இல்லை.’

அதாவது, பலர் ஒப்புக்கொண்டதுதான் உண்மை என்று சொல்கிற ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் குருடர்கள் என்கிறார் பெரியவர். மாற்றார் கருத்தை முதலில் சொல்லி, பிறகு அதை மறுப்பது பழைய நூலாசிரியர்களின் வழக்கம். நம் மொழியிலோ ‘என்பார்’ என்ற சொல் கடைசியில்தான் வரும். வரும் வரைக்கும் பேசுவது யாரென்று தெரியாது. அச்சுக் கோத்தவர் அந்த இடத்தில் பக்கத்தை முடித்துவிட்டார். அதற்கடுத்து ஏழு பக்கம் பெரியவர் அந்தக் குருடர்களைப் பிடித்து உலுக்கி எடுத்திருக்கிறார். மனிதர் எதைத் தன் வாழ்நாளெல்லாம் மறுத்தாரோ, அதை அவர் வாயில் திணித்து அவரை வாழ்த்திக்கொண்டிருந்தார்கள் நம் அறிஞர்கள். மற்ற பதிப்புகளையும் எடுத்துப் பார்த்தார் டீச்சர். பக்க எண் மாறியது. ‘என்பார் உளர்’ மாறவில்லை. சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார்.

கூட்டலிடம் அவர் போய்ச் சொன்னபோது கதவு திறந்திருந்தது. அதனால் நானும் கேட்டேன்.

முதலில் கூட்டலுக்கு விஷயமே பிடிபடவில்லை. புதிதாக இருபது முப்பது மேற்கோள் கிடைத்துவிட்டது என்ற நினைப்பில் பேனாவை எடுத்துவிட்டார். டீச்சர் மறுபடி நிதானமாகச் சொன்னார். புத்தகத்தை ஒரு தடவை பாருங்கள் என்றார். புத்தகத்தைப் பார்க்க வேண்டுமானால் கணினித் திரையைத் தூக்கிக் கீழே வைக்க வேண்டும். கூட்டல் திரையைப் பார்த்தார், புத்தகத்தின் முதுகைப் பார்த்தார், வாயாலேயே சொல்லுங்கள் என்றுவிட்டார். டீச்சர் இரண்டு பக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னார்.

கூட்டல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“இந்த நாற்பத்திரண்டாம் பக்கத்தை இதுவரைக்கும் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்காங்க?”

“ஒருத்தர்கூட இல்ல சார்.”

“அப்ப அது இல்லாத பக்கம்மா.”

கூட்டல் கனிவாக விளக்கினார்: செல்வாக்கு என்பது ஆசிரியர் என்ன எழுதினார் என்பதில் இல்லை, என்ன எழுதினார் என்று பேர் வந்ததோ அதில் இருக்கிறது, இந்த வயதில் இப்படியெல்லாம் கிளறினால் கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையாகிவிடும், நாற்பத்திரண்டை விட்டுவிட்டு நாற்பத்தொன்றோடு அத்தியாயத்தை முடித்துக் கொண்டுவந்தால் அன்றைக்கே கையெழுத்து. இல்லாவிட்டால், விடுப்பு எப்போது முடிகிறது என்று மட்டும் கேட்டார். மிரட்டலை இவ்வளவு அக்கறையாகக் கேட்டு நான் பார்த்ததில்லை.

டீச்சரின் கணவர் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். அதிகம் பேசாதவர். அன்று மாலை துணி மடித்துக்கொண்டே டீச்சர் நடந்ததைச் சொல்ல, அந்த ஒரு அத்தியாயத்தை எடுத்துவிட்டால் என்ன குறைந்துபோகும் என்றுதான் முதலில் அவரும் கேட்டாராம். இத்தனை நாள் பட்ட பாடு, மூத்த மகளின் படிப்பு, மாற்றம் கிடைத்தால் மிச்சமாகும் அலைச்சல் எல்லாம் அவர் கணக்கில் இருந்தது. தப்பில்லை.

“பசங்க பாதி வாக்கியத்துல நிறுத்தினா நான் விடறதில்லங்க,” என்றாராம் டீச்சர். “முற்றுப்புள்ளி வரைக்கும் படிடான்னு நிக்க வெச்சிருக்கேன். நாளைக்கு எந்த மூஞ்சிய வெச்சிக்கிட்டு நிக்க வெப்பேன்?”

கணவர் இரண்டு சட்டைகளை மடித்து அடுக்கினார். பிறகு, “எலும்பு முறிஞ்சிருக்கிற படத்துல முறியலன்னு எழுதச் சொன்னா நானும் எழுத மாட்டேன்,” என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்தாராம். அதற்கு மேல் அந்த வீட்டில் அதைப் பற்றி விவாதம் இல்லை.

அத்தியாயம் இருந்தது. முழுதாக, ஏழு பக்க மறுப்போடு. ஆய்வேட்டைக் கொண்டுபோய்க் கூட்டலின் மேஜையில் வைத்து, நான் எழுதினது எல்லாமே உள்ளே இருக்கிறது, ஒரு தடவை படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள் என்று டீச்சர் தெளிவாகத்தான் சொன்னார். அவர் எதையும் ஒளிக்கவில்லை. கூட்டல் ஆய்வேட்டைத் திருப்பினார். எந்தப் பக்கமாக என்று நான் சொல்ல வேண்டியதில்லை. துணைநூற்பட்டியல் நீளமாக இருந்தது. தன் பெயர் பதினொரு இடத்தில் இருந்தது. விரல் பதினொரு தடவை ஓய்வெடுத்தது. கையெழுத்து விழுந்தது. படித்திருந்தால் போட்டிருப்பாரா? படிக்கிறவராக இருந்தால் இந்தக் கதையே ஏது?

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த தேர்வாளர் சாமானியர் அல்ல. பெரியவரைப் பற்றி மாணவர்களுக்கு அறிமுக நூல் எழுதியவர். முப்பது வருஷமாக எல்லோரும் நாற்பத்தோராம் பக்கத்தை எடுத்தது அந்த அறிமுக நூலிலிருந்துதான். கருத்தரங்க அறை நிறைந்திருந்தது. டீச்சர் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கையில் மூல நூலோடு எழுந்து நின்றார். குரல் முதலில் கொஞ்சம் நடுங்கியது. நாற்பத்தோராம் பக்கத்தின் கடைசிப் பத்தியை வாசித்தார். ‘பலர் உடன்பட்டதே மெய்’ என்ற இடம் வந்ததும் அறையில் பல தலைகள் பழக்கதோஷத்தில் ஆடின. டீச்சர் பக்கத்தைத் திருப்பினார். வகுப்பில் வாசிக்கும் குரல் திரும்பி வந்திருந்தது.

“என்பார் உளர். அவர்க்குச் செவி உண்டு, கண் இல்லை.”

ஆடிய தலைகள் நின்றன. பின்வரிசையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். கூட்டலின் முகம் வெள்ளைத்தாள் மாதிரி ஆகி, பிறகு பிழை திருத்திய தாள் மாதிரி சிவந்தது. முப்பது வருஷத்துக்குப் பிறகு அந்த நூலைப் பற்றி வெளித் தேர்வாளருக்கு ஒரு சந்தேகம் வந்திருந்தது.

“இந்த அடுத்த பக்கம் எந்தப் பதிப்புல இருக்கும்மா?”

“எல்லாப் பதிப்புலயும் இருக்கு சார்.”

அவரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்லத்தான் வேண்டும். பட்டத்தைத் தடுக்கவில்லை. தடுத்தால் காரணம் எழுத வேண்டும். எழுதினால் யாராவது படித்துவிடலாம். ‘அறிஞர்கள் அனைவரும் தவறிழைத்தனர்’ என்ற வாக்கியத்தை ‘அறிஞர் சிலர் வேறுபட்டனர்’ என்று திருத்தச் சொன்னார். டீச்சர் யோசித்து, ‘அனைவரும்’ என்பதை விட்டுக்கொடுத்தார். ‘தவறிழைத்தனர்’ என்பதை விடவில்லை. பட்டம் வந்தது.

இத்தோடு கூட்டலின் கதை முடிந்தது என்று நானும் நினைத்தேன். இரண்டு வாரம் அறைக் கதவு சாத்தியே கிடந்தது. சிவப்புக் கோட்டில் பாதிக்கு மேல் பெரியவரின் கருத்தே இல்லை, அவருடைய எதிரிகளின் கருத்து என்றால் இருக்கை யாருக்குப் போகும்? நீலக் கோட்டுக்காரர் இனிப்பு வாங்க ஆள் அனுப்பிவிட்டதாகப் பேச்சு. ஆனால் மேற்கோள் எண்ணியைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது. பூனையை எந்த உயரத்திலிருந்து போட்டாலும் காலில்தான் விழும். இவர்கள் எண்ணிக்கையில் விழுவார்கள்.

டீச்சர் அந்த அத்தியாயத்தை ஒரு ஆய்விதழில் கட்டுரையாக வெளியிட்டார். அது நெருப்பாகப் பற்றிக்கொண்டது. மறுத்து எழுதினார்கள், மறுத்தவர்களை மறுத்து எழுதினார்கள், அச்சுக் கோத்தவரே குற்றவாளி என்றார்கள், ‘என்பார் உளர்’ இடைச்செருகல் என்றுகூட ஒருவர் எழுதினார். எழுதிய ஒவ்வொருவரும் பெரியவரைக் குறிப்பிட்டாக வேண்டுமே? ஒரே வருஷத்தில் சிவப்புக் கோடு வரைபடத்தின் மேல் விளிம்பைத் தாண்டிச் சுவரில் ஏறியது. கூட்டல் கதவைத் திறந்தார். தன் மாணவியின் துணிச்சலைத் தான்தான் ஊக்குவித்ததாக ஒரு கட்டுரை எழுதி, அதில் தன்னையே ஏழு தடவை மேற்கோள் காட்டினார். இருக்கை பெரியவருக்குக் கிடைத்தது. அதில் கூட்டல் உட்கார்ந்தார்.

டீச்சருக்கு என்ன ஆயிற்று? மாற்றம் கிடைத்து மேல் வகுப்புக்குப் போனார். கட்டுரையும் பிரபலமாகிவிட்டது. எப்படிப் பிரபலமானது என்பதைத்தான் கேட்க வேண்டும். அதன் முதல் வாக்கியம் இது: ‘பலர் உடன்பட்டதே மெய் என்பது பெரியவரின் முடிந்த முடிவு.’ இரண்டாம் வாக்கியம்: ‘இவ்வாறு நம்பி வந்தது பிழை.’ முதல் வாக்கியத்தை இதுவரை அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் எடுத்தாண்டிருக்கிறார்கள். ‘பலர் உடன்பட்டதே மெய் என்பது பெரியவரின் முடிந்த முடிவு என்று அண்மை ஆய்வும் நிறுவுகிறது’ என்று எழுதி, கீழே டீச்சரின் பெயரும் பக்க எண்ணும்.

இதழ்களை எடுத்துக்கொண்டு ஒரு நாள் மதியம் அவர் பள்ளிக்குப் போனேன். ஆசிரியர் அறையில் சாப்பிட்ட பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர், ஒவ்வொன்றாக வாங்கிப் படித்தார். முதலில் கோபம் வந்தது. காதோரம் சிவந்ததைப் பார்த்தேன். ஒரு இதழுக்கு ஏற்கெனவே திருத்தம் எழுதிப் போட்டதாகவும், அவர்கள் அதை மரியாதையாக வெளியிட்டு, அதையும் இன்னொரு மேற்கோளாகச் சேர்த்துக்கொண்டதாகவும் சொன்னார்.

“அடுத்த பக்கம்னாகூடத் திருப்பணும், சோம்பேறித்தனம்னு வெச்சிக்கலாம். இது அடுத்த வரி சார். கண்ண கொஞ்சம் கீழ இறக்கினா போதும்,” என்றார். மணி அடித்தது. இதழ்களை என்னிடமே கொடுத்துவிட்டு வகுப்புக்குப் போனார். வராந்தாவைக் கடக்கும்போது, யாரோ ஒரு பிள்ளை வாசிப்பது கேட்டது, நடுவில் நின்றது, ‘ம், மேல’ என்று டீச்சரின் குரலும் கேட்டது.

இருக்கையின் திறப்பு விழாவுக்கு டீச்சரையும் அழைத்திருந்தார்கள். கணவரோடு வந்திருந்தார். வாசலில் கருங்கல் பலகை. அதில் பொன்னெழுத்தில் ‘பலர் உடன்பட்டதே மெய்’ என்றும், அதற்குக் கீழே பெரியவரின் பெயரும் செதுக்கியிருந்தது. டீச்சர் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு, கல்லில் கீழே நிறைய இடம் இருக்கிறதே, இன்னும் இரண்டு சொல் செதுக்கியிருக்கலாமே என்று கூட்டலிடம் மெதுவாகக் கேட்டார். கூட்டல் கல்லைத் தடவிப் பார்த்தார். எழுத்து அதிகமானால் பார்வைக்கு எடுப்பாக இருக்காது என்றார். அத்தனை பேரும் அதை ஒப்புக்கொண்டோம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. எக்ஸ்ரேக்காரர் மட்டும் கல்லையே பார்த்துக்கொண்டு நின்றார், முறிவு எங்கே என்று தெரிந்தவர் மாதிரி.

கூட்டலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பீர்கள். சிரியுங்கள். நமக்கும் அடிக்குறிப்புக்கும் என்ன சம்பந்தம், நாம் பேராசிரியரா என்ன, என்றுகூடத் தோன்றும். நல்லது. இன்று காலை பல் துலக்குவதற்கு முன்னால், யாரோ ஒரு மகான் சொன்னதாக ஒரு பொன்மொழியை, பின்னால் சூரிய உதயப் படத்தோடு, உறவுக்காரர்கள் எல்லோருக்கும் கைபேசியில் அனுப்பினீர்களே, அதை அவர் எந்த நூலில் சொன்னார்? அதற்கு முந்தின வரி என்ன, பிந்தின வரி என்ன? சரி, விடுங்கள். சங்கடப்படுத்த நான் கேட்கவில்லை.

எத்தனை பேர் கட்டைவிரல் காட்டினார்கள் என்றாவது சொல்லுங்கள். அது உங்களுக்குத் தெரியாமல் இருக்காது.